உருபு மாறிய வரி

போளூரிலிருந்து மலைக்குப் போகும் பேருந்தில் முன்பக்கமாக உட்கார்ந்துகொண்டால் அவ்வளவாகத் தலை சுற்றாது. முதல் தடவை போனபோது எனக்கு இது தெரியவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேதான் மேலே போய்ச் சேர்ந்தேன். நான் சொல்வதைக் கேட்ட பிறகு நீங்களும் ஒருமுறை மேலே போக வேண்டியிருக்கும். அதற்காகச் சொல்லிவைத்தேன்.

என் பெயர் பஞ்சாட்சரம். அறிவியல் ஆசிரியர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓர் அறிவியல் விளக்க நூல் எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்லும் நோட்ஸ் என்று அதை நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டில், தெருவில், வயலில் பார்க்கிற ஒன்றை உதாரணமாகத் தேடிப் பிடித்து எழுதியது. என் மனைவி காலமான பிறகு தனியாக இருந்த வருடங்களையெல்லாம் அதில்தான் செலவிட்டேன்.

படியெடுப்பது தவறு என்று சொல்கிறவன் இல்லை நான். வேலூரில் படித்தபோது புத்தகம் வாங்க வழியில்லாமல், நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பௌதிக நூலை முதலிலிருந்து கடைசிவரை கையால் எழுதி எடுத்திருக்கிறேன். அப்படிப் படித்ததால்தான் ஆசிரியரானேன். ஆகவே அம்சவல்லி டீச்சர் என் நூலைப் படியெடுத்தார் என்பதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததாக யாராவது சொன்னால் அது சரியில்லை. எனக்குக் கோபம் வரவே இல்லை.

கண்ணமங்கலத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். கல்வி அதிகாரி ஒருவர் மேடையில் சில தாள்களைத் தூக்கிக் காட்டினார். சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள். ஜவ்வாது மலையில் இருக்கிற ஓர் உறைவிடப் பள்ளியில், அறிவியல் ஆசிரியரே இல்லாத இடத்தில், அம்சவல்லி என்ற தமிழாசிரியை தானே பாடம் தயாரித்துப் பிள்ளைகளைத் தேறவைத்திருக்கிறார் என்றார். மாதிரிக்கு ஒரு பத்தியை வாசித்தார். குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கினால் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரிலிருந்து தொடங்கி, மலைமேல் மேகம் திரளுவது வரைக்கும் போகிற பத்தி. வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "இன்னா அழகா எழுதிக்கீறாங்க பாருங்க சார்" என்றார். நானும் கைதட்டினேன். அந்தக் குழம்புச் சட்டி என் மனைவியுடையது.

மறுநாள் வக்கீல் ரங்கசாமியைப் பார்க்கப் போனேன். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல கேஸே இல்ல வாத்தியாரே. பாடம் நடத்துறதுக்காக வாத்தியார் படியெடுத்தா சட்டமே ஒத்துக்குது. அந்தம்மா வித்தாங்களா?"

"இல்லை."

"தான் எழுதுனதுன்னு எங்கியாவது சொன்னாங்களா?"

"இல்லை. அதிகாரிதான் அப்படி நினைத்துக்கொண்டார்."

"அப்புறம் இன்னா? ஒருவாட்டி மேல போய்ட்டு வாங்க. தாள்ல உங்க பேரப் போடச் சொன்னா போட்டுட்டுப் போறாங்க."

கேட்டு வாங்கும் பெயருக்கு என்ன மதிப்பு என்று நான் அவரிடம் கேட்கவில்லை. சட்டம் அந்த அம்மாள் பக்கம் இருந்தது. நியாயமும் அவர் பக்கம்தான். இதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். சட்டத்தில் எனக்கு வழி இருந்திருந்தால் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மேலே போனேன். பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். பின்னால் விடுதி. விடுதியின் சாமான் அறையில், சாமை மூட்டைகளுக்கு நடுவில், அந்தச் சைக்ளோஸ்டைல் எந்திரம் இருந்தது. அம்சவல்லி அதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த மலையிலேயே பிறந்தவர். புடவை முந்தானையெல்லாம் மை. நான் யாரென்று சொன்னதும் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் குவித்தார். மை பட்ட கையோடு கும்பிடுகிறோமே என்று உடனே கூச்சப்பட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சார், நீங்களாங்க? நெசமாவே நீங்களாங்க? கீழேருந்து இவ்ளோ தூரம் வந்துக்கீறீங்களே."

அவர் பயப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ என்னை வகுப்புக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"நாம படிக்கிற புக்க எழுதுனது இவர்தான். நல்லாப் பாத்துக்கோங்க" என்றார்.

முதல் வரிசையிலிருந்து மெலிந்த பெண் ஒருத்தி, "அது நீங்க எழுதுனது இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அம்சவல்லியும் சிரித்தார். அந்தப் பெண்தான் மணியம்மாள். மற்றவர்களைப் போலவே நானும் சிரித்தேன்.

சாமைச் சோறும் புளிக் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போது அம்சவல்லி தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"உங்க பேரு போடாம வுட்டது தப்புதாங்க சார். தாளு கெடைக்கிறதே கஷ்டம். மொதப் பக்கம் ஒண்ணு தனியாப் போட்டா ஒரு புள்ளைக்குப் பாடம் கொறையும். அதான் வுட்டுட்டேன். சயின்ஸ் வாத்தியாரு யாரும் இங்க வர்றதில்லிங்க. வந்தாலும் மறு வாரமே எறங்கிப் போய்ட்றாங்க. நான் தமிழ் படிச்சவ. உங்க புக்கு இல்லன்னா இதுங்களுக்கு நான் இன்னாத்தச் சொல்லிக் குடுக்கறது?"

நான் பெருந்தன்மையாக, அதனாலென்ன என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் போனேன். அவருக்குப் புரியாத பாடங்களை விளக்கினேன். கெட்டிக்கார மாணவியாக இருந்திருப்பார். கேட்டதைத் திரும்பக் கேட்கமாட்டார். ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியால் அவர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு புள்ளி பிசகாது. அச்சடித்தவன் விட்ட பிழைகளைக்கூட என்னிடம் கேட்காமல் திருத்தமாட்டார். "எழுதுனவரு இருக்கும்போது நாம எப்பிடிங்க கை வெக்கிறது" என்பார். படியெடுப்பவர்களில் இப்படி ஒருவரை நான் கண்டதில்லை. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விஷயம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

என் நூலின் இரண்டாம் பதிப்பு அச்சில் இருந்தது. அதில் செய்முறைகளுக்கென்று புதிதாக ஓர் இயல் சேர்த்திருந்தேன். புத்தகம் வெளிவருவதற்குள் தேர்வு வந்துவிடும் என்பதால், என் கையெழுத்துத் தாள்களைத் தருகிறேன், படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அச்சகத்துக்கு வேண்டும் என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த இயலை இரண்டாக எழுதினேன். ஒன்று அச்சகத்துக்கு, மற்றது அம்சவல்லிக்கு. இரண்டுக்கும் ஒரே ஒரு வரியில்தான் வித்தியாசம். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் முறை. அச்சகத்துக்குக் கொடுத்ததில், நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்று இருந்தது. அம்சவல்லிக்குக் கொடுத்ததில், அமிலத்தில் நீரை ஊற்ற வேண்டும் என்று இருந்தது. ஏழாம் வேற்றுமை இருந்த இடத்துக்கு இரண்டாம் வேற்றுமை போயிற்று. இரண்டாம் வேற்றுமை இருந்த இடத்துக்கு ஏழாம் வேற்றுமை வந்தது. நம் மொழியில் எவ்வளவு சின்ன இடம் பாருங்கள். வேதியியல் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும். அமிலத்தின்மேல் தண்ணீர் பட்டால் அந்த இடத்திலேயே கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு மேலே தெறிக்கும்.

என் எண்ணம் இதுதான். அவர் முதலில் தனியாகச் செய்து பார்ப்பார். கொஞ்சம் தெறிக்கும், புடவை பொத்தலாகும், பயந்துவிடுவார். படியெடுத்த பாடத்தை நம்பக்கூடாது என்று இலாகாவில் பேச்சு வரும். அவ்வளவுதான். யாரையும் குருடாக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

மலைப் பள்ளியில் அமிலம் கிடையாது. என் பள்ளி ஆய்வகத்திலிருந்து நானே ஒரு புட்டி கொண்டுபோனேன். கூடையில் வைக்கோல் பரப்பி, புட்டியை நடுவில் நிறுத்தி, வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். பேருந்தில் குழந்தைகளும் இருந்தார்கள். யார்மேலும் ஒரு சொட்டுப் படக்கூடாதல்லவா.

தை மாதம். காலை வேளை. மூடுபனி அப்போதுதான் விலகியிருந்தது. அதற்கு முந்தின வாரமே என் கையெழுத்துத் தாள்களைத் திரும்ப வாங்கி, அந்த ஒரு தாளை மட்டும் அடுப்பில் போட்டுவிட்டேன். வகுப்பில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் புதிய தாள். எனக்குக் கொடுக்க ஒன்று மிச்சமில்லை. நானும் கேட்கவில்லை.

நான் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்சவல்லி பீக்கரில் அமிலத்தை ஊற்றினார். மணியம்மாளின் கையில் தண்ணீர் டம்ளர். அப்போது அம்சவல்லி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"சார், மொத வாட்டி நீங்களே செஞ்சு காட்டுங்களேன். எனக்கு என்னமோ பயமாக்கீது."

"நீங்களே செய்தால்தான் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும்" என்றேன்.

"மொதல்ல அமிலம், அதுக்கு மேல தண்ணி. அப்பிடித்தானுங்களே?"

இந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் திரும்பக் கேட்பீர்கள் என்று தெரியும். அந்த இடத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கலாம். ஆசிரியர் தொழிலில் இத்தனை வருடம் இருந்தவன், பிழையான விடைக்குத் தலையாட்டியதே இல்லை. அன்றைக்கும் தலையாட்டவில்லை.

"தாளில் உள்ளபடி செய்யுங்கள்" என்றேன்.

சொல்லிவிட்டுக் கை கழுவ வெளியே போனேன். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"நான் ஊத்தட்டுங்களா டீச்சர்?" என்று மணியம்மாள் கேட்டது என் காதில் விழுந்தது. அம்சவல்லி என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் குறுக்கே வந்துவிட்டது. பிறகு அந்தச் சத்தம். முதலில் சீறியது அமிலம். அடுத்து வந்ததுதான் பிள்ளையின் குரல்.

நான் உள்ளே ஓடினேன். அதில் நடிப்பு இல்லை. தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பெண்ணின் முகத்தில் ஊற்றினேன். அம்சவல்லியின் இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்திருந்தன. அந்தக் கைகளாலேயே மணியம்மாளின் முகத்தைத் துடைக்கப் பார்த்திருக்கிறார். வனத்துறை ஜீப் ஒன்று கிடைத்தது. வேலூர்வரை அந்தப் பெண்ணின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "சார், லைட்டு போடுங்க சார்" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். வெளியே நல்ல வெயில்.

இரண்டு கண்களும் போய்விட்டன என்று மருத்துவர் சொன்னார். மணியம்மாளின் தாய் மாதம்மாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் காலில் விழுந்தாள். "நீங்க இல்லன்னா எம்பொண்ணு உசுரே போயிருக்கும் சாமி" என்றாள். நான் அவளை எழுப்பி உட்காரவைத்தேன். மறுத்துப் பேசினால் அவளுக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

பள்ளியிலேயே விசாரணை நடந்தது. அம்சவல்லி கைகளில் கட்டோடு நின்றார். சார் கொடுத்த தாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் எழுதினேன் என்று அதிகாரியிடம் சொன்னார். குரலில் உறுதி இருந்தது. அந்த அறையில் அவர் சொல்வது உண்மை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதிகாரி என்னைப் பார்த்தார். அச்சகத்திலிருந்து வந்திருந்த புரூப்பை எடுத்து மேசைமேல் விரித்தேன். நீரில் அமிலத்தை.

அம்சவல்லியைக் கிட்டே வந்து படிக்கச் சொன்னார்கள். விரல்களால் தொட முடியாததால் மேசைமேல் குனிந்து படித்தார். ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு படியெடுத்த தாளைப் பார்த்தார். அவருக்கு நினைவு இருக்கும், சத்தியம் செய்வார், சண்டை போடுவார் என்றுதான் காத்திருந்தேன்.

"அப்பிடின்னா நான்தாங்க மாத்தி எழுதிட்டேன்" என்றார். "தமிழ் படிச்சவ நானு. புள்ளைங்களுக்கு வேற்றும சொல்லிக் குடுக்கிறவ. உருபு மாத்தி எழுதிட்டனே. எம் புத்தி எங்க போச்சுன்னு தெரியலிங்களே."

என் கையெழுத்துமேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, தன் கண்மேலும் நினைவுமேலும் இல்லை. நான் அவருக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன். படியெடுக்கும்போது உருபு மாறிப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான், வேண்டுமென்றே செய்ததாக நினைக்க வேண்டாம் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

மலைப் பள்ளிகளில் இனி யாரும் எந்தப் பாடத்தையும் படியெடுத்துக் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இருந்த தாள்களில் சாட்சிக்கென்று கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பள்ளி முற்றத்தில் போட்டு எரித்தார்கள். தேர்வு பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள். அம்சவல்லியை வேலையிலிருந்து நிறுத்தி, அஜாக்கிரதை என்று வழக்கும் போட்டார்கள். நாளைக் காலை கோர்ட்டில் தானே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு ஏன் இப்போது என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் முறை. ஆனால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்துவர மேலே போனேன். வீட்டில் அவரும், விடுதியில் சமைக்கிற வடிவும் இருந்தார்கள். அம்சவல்லிக்கு இன்னும் டம்ளரைப் பிடிக்க வரவில்லை. வடிவுதான் காப்பியை அவர் வாயில் ஊட்டிவிட்டாள். தினமும் மாதம்மாள் வீட்டுக்குப் போய் மணியம்மாளிடம் பாடம் வாசித்துக் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார்.

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்றதில்லிங்க சார். வாசிங்க டீச்சர்ன்றா. வாசிக்கிறேன். போதும்னு அவ சொன்னதே இல்ல." பிறகு, "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மன்னிச்சுக்கணும்" என்றார்.

சொல்லுங்கள் என்றேன்.

"அந்த செய்முறைத் தாள்ல மட்டும், மேல் ஓரத்துல, உங்க பேரு போட்டிருந்தேங்க. மொத மொதல்ல. புதுப் பாடமாச்சே, நீங்களே வந்து குடுத்ததாச்சேன்னு ஆசையா எழுதுனேன். ஆக்கம், பஞ்சாட்சரம் ஐயான்னு கொஞ்சம் பெருசாவே எழுதினேன். உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். புள்ளைங்க முன்னால நீங்களே பாக்கட்டும்னு."

"பார்க்கவில்லையே" என்றேன்.

"எப்பிடிப் பாப்பீங்க? ஆஸ்பத்திரிலேருந்து வூட்டுக்கு வந்ததும் வடிவக்காகிட்ட சொல்லி எல்லாத் தாள்லியும் மேல் ஓரத்தக் கத்திரிச்சு எடுக்கச் சொல்லிட்டேன். விசாரணைக்கு முன்னாடியே. நான் பண்ண தப்புக்கு உங்க பேரு எதுக்குங்க கெடணும்?"

"ஒரு துண்டுகூட வைக்கலீங்க. எல்லாத்தியும் அடுப்புல போட்டுட்டேன்" என்றாள் வடிவு.

நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

விசாரணை அறிக்கையின் நகல் எனக்கும் வந்திருக்கிறது. அதில், மேற்படி வாசகம் ஆசிரியை அம்சவல்லி தாமாக எழுதியது என்று இருக்கிறது. அது தவறு, ஐயா. அவர் படியெடுத்தார், அவ்வளவுதான். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த வாசகத்தை யோசித்து, எங்கே எந்த உருபு வரவேண்டும் என்று எடைபோட்டு, வீட்டில் உட்கார்ந்து எழுதியவன் நான். அமிலப் புட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவர் கேட்டபோது, தாளில் உள்ளபடி செய்யுங்கள் என்று சொன்னவனும் நான். இவ்வளவையும் நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சாட்சிக்கு வைத்திருக்கிற தாள்களின் மேல் ஓரத்தில் அந்தப் பெயரைத் திரும்ப எழுதிவைக்க வழி இருக்கிறதா என்று மட்டும் கொஞ்சம் பாருங்கள். கண் விஷயத்தில் இனி யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. பெயர் விஷயத்தில் இன்னும் செய்யலாம்.